மேற்கு வரிசை நாலாம் மரம்

சென்ற ஆவணியில் பேராவூரணியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண் வீட்டார் தூரத்து உறவு. மாப்பிள்ளையின் தகப்பனார் என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவர். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டருகே உட்கார்ந்திருந்தபோது அவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இதுதான் பேரப்பிள்ளையா? என்ன படிக்கிறாப்ல?" என்று கேட்டார். பேரன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தான். "பதினொண்ணாவது. பத்தாவதுல 500க்கு 478. கணக்குல ஒரே ஒரு மார்க்தான் போச்சு" என்றேன். அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது மூன்று. அன்று மண்டபத்தில் அதே கேள்வியை நான்கைந்து பேர் கேட்டிருப்பார்கள். நான்கைந்து பேருக்கும் அதே பதில்தான் போயிற்று. ஒவ்வொரு முறையும் சொல்லி முடித்த பிறகு திரும்பிப் பார்ப்பேன். அவன் சுவரையோ செருப்பையோ பார்த்துக்கொண்டிருப்பான். கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது டிவிஎஸ் எக்ஸெல்லில் நான் முன்னால், அவன் பின்னால். ரயில்வே கேட்டைத் தாண்டித் தோப்புகளுக்கு நடுவே சாலை திரும்பும் இடத்தில், அதுவரை பேசாமல் வந்தவன் சொன்னான்: "தாத்தா, எல்லார்கிட்டயும் மார்க்கையே சொல்றீங்க. நாலாம் மரத்தப் பத்தி யார்கிட்டயும் சொன்னதே இல்லையே." குரலில் கோபம் இருந்ததா வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. வண்டியில் முன்னால் இருப்பவனுக்குப் பின்னால் இருப்பவனின் முகம் தெரியாது. காற்றில் காதில் விழாதது போல இருந்துவிட்டேன். நன்றாகவே விழுந்தது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாளும், அதற்கடுத்த வாரமும் அந்த ஒரு வாக்கியம் என்னைவிட்டுப் போகவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவன் நான். என் வீட்டுப் பிள்ளையை நான் பார்த்திருக்கிறேனா என்று அவன் கேட்டதாகவே எனக்குப் பட்டது.

நாலாம் மரம் எது என்று சொல்வதற்கு, ஏழு ஆண்டுகளுக்கு முன்னால் போக வேண்டும்.

421 வளையங்கள்

கஜா புயலைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 15ஆம் தேதி இரவு படுத்து, 16ஆம் தேதி விடிந்து கதவைத் திறந்தபோது, எங்கள் கொல்லையிலிருந்து அடுத்த ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்தது. என் வாழ்நாளில் அந்தக் கோபுரத்தை எங்கள் கொல்லையில் நின்று பார்த்ததில்லை. நடுவில் அவ்வளவு மரங்கள் இருந்தன. புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருக்கும் எங்கள் நிலத்துக்குத் தண்ணீர் ஓர் ஆண்டு வரும், ஓர் ஆண்டு வராது. அதனால்தான் என் தகப்பனார் நெல்லை விட்டுவிட்டு 1978இல் அந்த இரண்டு ஏக்கரிலும் தென்னை வைத்தார். 140 மரங்கள். விடிந்தபோது நின்றவை 9. மற்றவற்றில் சில வேரோடு சாய்ந்திருந்தன, சில இடுப்பளவில் முறிந்திருந்தன. சில மரங்கள் நின்றபடியே தலை திருகிப் போயிருந்தன. திருகிப் போனவற்றைப் பார்ப்பதுதான் பெரிய துன்பமாக இருந்தது.

பேரனுக்கு அப்போது ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. அவனுடைய அப்பா, என் ஒரே மகன், சிங்கப்பூரில் வேலையில் இருந்தான். இன்றும் அங்கேதான் இருக்கிறான். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் தெருவுக்கு நான்கு வீடு அப்படித்தான். கைப்பேசிக் கோபுரமும் விழுந்துவிட்டதால் மூன்று நாள் அவனுக்குத் தகவல் சொல்ல வழியில்லை. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர 26 நாளாயிற்று. அந்த நாட்களில் பெரியவர்கள் நாங்கள் தண்ணீருக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்துகொண்டிருந்தபோது, பேரன் காலை முதல் மாலை வரை தோப்பில் விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருந்தான். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, "தாத்தா, இந்த மரத்துக்கு எத்தன வயசு?" என்று கேட்டான். தென்னை மாதம் ஒரு மட்டை விடும், ஆண்டுக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளலாம், மட்டை விழுந்த இடம் தண்டில் வளையமாக நிற்கும், வளையத்தை எண்ணினால் வயது தெரியும் என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போனேன்.

மாலையில் வந்து, "421 வளையம் இருக்கு தாத்தா. பன்னெண்டால வகுத்தா 35, மீதி 1" என்றான். தண்டு கிளம்புவதற்கு முன் நான்கைந்து ஆண்டு போகும், அடிப்பக்கத்து வளையம் தேய்ந்தும் போயிருக்கும், ஆக நாற்பது என்று நான் திருத்தினேன். அவன் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இது அப்பாவவிட ரெண்டு வயசு மூத்தது" என்றான். அன்று நிவாரணச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது பக்கத்தில் இருந்தவரிடம், "நாலாம் வகுப்புப் பிள்ளை, மூன்று இலக்கத்தை இரண்டு இலக்கத்தால் மனக்கணக்கிலேயே வகுக்கிறான்" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவ்வளவு பெரிய இழப்பின் நடுவிலும் எனக்கு அது பெருமையாக இருந்தது. ஒரு குழந்தை ஒரு பகல் முழுவதும் செத்துக் கிடந்த ஒரு மரத்தின் மேல் விரலை வைத்து அடியிலிருந்து நுனி வரைக்கும் போயிருக்கிறான், அதைத் தன் அப்பாவின் வயதோடு சேர்த்துப் பார்த்திருக்கிறான் என்பது எனக்குப் படவில்லை. வகுத்தல் சரியாக இருந்தது, அதைத்தான் நான் பார்த்தேன். கல்யாணத்திலிருந்து திரும்பிய இரவில் இந்தக் காட்சிதான் முதலில் நினைவுக்கு வந்தது.

மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு கொடுத்தது. விழுந்த மரத்தைச் செங்கல் சூளைக்காரர்கள் கேட்ட விலைக்குக் கொடுத்தோம். வேர்க்கட்டையைப் பெயர்க்க ஜேசிபிக்குக் கொடுத்த பணம்தான் அதிகம். அதனால் ஓரத்தில் கிடந்த கட்டைகளை அப்படியே விட்டுவிட்டோம். அந்தக் கட்டைகள் மக்கி, அவற்றுக்குள் காண்டாமிருக வண்டு பெருகி, சில ஆண்டுகள் கழித்துப் புதுக்கன்றுகளையே வந்து தாக்கும் என்று அப்போது யோசிக்கும் நிலையில் யாரும் இல்லை. 2019 ஆடியில் மறுபடி நட்டோம். 25 அடிக்கு ஒரு குழி, குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. முடிச்சுப் போட்ட கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையைப் பேரன் பிடித்தான். வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வாங்கிவந்த நெட்டை ரகக் கன்றுகள் அவன் முழங்காலுக்கு மேல் இருந்தன.

குரல்

பிறகு கொரோனா வந்தது. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த அந்த ஒன்றரை ஆண்டும் அவன் என்னோடுதான் இருந்தான். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்; இங்கே வேண்டாம்.

ஒரு பிள்ளை வளர்வதை உடன் இருப்பவர்கள் பார்ப்பதில்லை என்பார்கள். நான் பார்த்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பில் அவன் கையும் காலும் மட்டும் முதலில் நீண்டன. எட்டாம் வகுப்பு ஐப்பசியில் ஒருநாள், முக்காலி போட்டு ஏறி நான் எடுக்கும் எண்ணெய்த் தூக்கை அவன் பரணிலிருந்து நின்றபடியே எடுத்து அப்பாயியிடம் கொடுத்தான். கொடுத்துவிட்டு அதை ஒரு விஷயமாகவே எண்ணாமல் போய்விட்டான். நான் அந்த முக்காலியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் குரல் உடைந்தது. சிலகாலம் பேசவே கூச்சப்பட்டான், கேட்டதற்குத் தலையாட்டுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பாவின் அழைப்பை அவனே எடுத்தான். அந்தப் பக்கத்திலிருந்து என் மகன், "அப்பா, மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறான். என் குரல் என்று நினைத்துவிட்டான். பேரன் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்து சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் தகப்பனாருக்கும் இதே கட்டைக்குரல்தான். ஒரு வாரம் கடைத்தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் இதைச் சொன்னேன்.

குரல் வந்த பிறகு பேச்சு குறைந்தது. பள்ளி விட்டு வந்தால் பையை வைத்துவிட்டுக் கைப்பேசியோடு தோப்புக்குப் போய்விடுவான். இருட்டிய பிறகுதான் வருவான். அப்பாயி சாப்பிடக் கூப்பிட்டால் பதில் வராது. இரண்டாவது தடவை கூப்பிட்டால் எரிச்சலாக ஒரு சொல் வரும். ஒருநாள் அதற்காக நான் அவனைக் கடுமையாகப் பேசினேன், அவன் அன்று சாப்பிடாமல் படுத்தான். அப்பன் பக்கத்தில் இல்லாத பிள்ளை, கைப்பேசியில் என்ன பார்க்கிறானோ என்ற பயம் எனக்கு உண்டு. ஊரில் கேள்விப்படுகிற செய்திகளும் அப்படித்தான் இருக்கின்றன. அவன் உட்காரும் இடம் மேற்கு வரிசை, கிணற்றுப் பக்கம் என்பது எனக்குத் தெரியும். அங்கே என்ன செய்கிறான் என்று ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை.

மயில்துத்தமும் சுண்ணாம்பும்

2024 கார்த்திகை மழையின்போது மேற்கு வரிசை நாலாம் மரத்துக்கு நோய் கண்டது. அதற்கு முன்பே வண்டு விழுந்திருந்தது. விரிந்த மட்டைகளில் கத்தரிக்கோலால் வெட்டினாற்போல முக்கோண வெட்டுகள் தெரிந்தன. வண்டு குடைந்த புண்ணில் மழைத்தண்ணீர் தங்கி, நடுக்குருத்து வெளிறிச் சாய்ந்தது. பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி கூழாகி, மூக்கை வைக்க முடியாத நாற்றம். தென்னைக்கு உயிர் ஒரே இடத்தில்தான். கிளை வெட்டினால் துளிர்க்கும் மரமல்ல அது. குருத்துப் போனால் மரம் போயிற்று. "இது தேறாது. பொங்கலுக்கு அப்புறம் வெட்டிட்டுப் புதுக்கன்னு வைக்கலாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். உடன் வந்த பேரன் ஒன்றும் சொல்லாமல் அந்த அழுகிய குருத்தை எடுத்து ஒரு பாலிதீன் பையில் போட்டுக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை, சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவன், உண்மையில் பட்டுக்கோட்டைக்குப் போய் அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடித்து வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயிருக்கிறான். பையில் அந்த அழுகிய குருத்து. அங்கிருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, குருத்தழுகல் என்று சொல்லி, செய்ய வேண்டியதை எழுதிக் கொடுத்திருக்கிறார். இது எனக்குப் பிறகு தெரிந்ததுதான். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் கிணற்றடியில் அவன் எதையோ கரைத்துக்கொண்டிருந்தான் என்பதே. ஒரு பிளாஸ்டிக் வாளியில் அரை லிட்டர் தண்ணீரில் நூறு கிராம் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். அப்பாயி கொடுத்த மண்சட்டியில் அரை லிட்டர் தண்ணீரில் நூறு கிராம் சுண்ணாம்பு. இரும்புப் பாத்திரம் ஆகாது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் குச்சியால் கிண்டினான். மயில் கழுத்து நிறத்தில் ஒரு பசை வந்தது. அதில் தீட்டிய கத்தி ஒன்றை முக்கி, எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான். கத்தியில் செம்பு படிந்து சிவப்பேறினால் துத்தம் மிகுதி, இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கத்தி கத்தியாகவே இருந்தால் பதம் சரி. முதல் தடவை சிவப்பேறியது. கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து மறுபடி முக்கினான். மூன்றாவது தடவையில் கத்தி அப்படியே வெளியே வந்தது. அவன் முகத்தில் அப்போது தோன்றிய நிறைவை இன்று இதை எழுதும்போது என்னால் துல்லியமாக நினைவுகூர முடிகிறது. ஆனால் அன்று அதை நான் எதிலும் சேர்க்கவில்லை.

ஐந்து வயதுத் தென்னையின் கொண்டை ஆள் உயரத்தைச் சற்றுத் தாண்டித்தான் இருக்கும். அவன் முக்காலியில் ஏறி நின்று, அழுகியதையெல்லாம் நல்ல வெள்ளைச் சதை தெரியும் வரைக்கும் கத்தியால் செதுக்கி எடுத்தான். உள்ளே கையை விட்டு, விரலாலேயே மூலைமூலையாகப் பசையைத் தடவினான். மழை கழுவிவிடாமல் இருக்க மேலே பாலிதீன் தாளைக் குடை போல மூடிக் கட்டினான். பக்கத்து மரங்களின் மட்டை இடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் ஒன்றுக்கு இரண்டு என்று கலந்து போட்டான். வண்டைக் கவர ஆமணக்குப் புண்ணாக்கை ஊறவைத்து இரண்டு பானைகளை வரப்பில் புதைத்தான். நான் கிணற்று மேட்டில் நின்றுகொண்டு என்ன சொன்னேன் தெரியுமா? "பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இதுவா வேலை? அரையாண்டுத் தேர்வுக்கு எத்தன நாள் இருக்கு?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு போய்ப் புத்தகத்தை எடுத்தான்.

அதன் பிறகு தினமும் மாலையில் அவன் போய் அந்தத் தாளை விலக்கிப் பார்த்திருக்கிறான். மார்கழி போயிற்று, தை போயிற்று. மாசி மாதம் ஒருநாள் இருட்டுகிற நேரம் தோப்பிலிருந்து ஓடிவந்தான். கூச்சப்படும் வயதுக்கு வந்த பிறகு அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை. "தாத்தா, நாலாம் மரத்துல குருத்து வந்துருச்சு! விரல் கனம் இருக்கு, வாங்க" என்றான். நான் முற்றத்தில் உட்கார்ந்து அவனுடைய கணக்குத் திருப்புதல் தேர்வுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வடிவியல் கணக்கில் இரண்டு மதிப்பெண்ணை விட்டிருந்தான். "சரி, இருக்கட்டும். நாளைக்கு அறிவியல் தேர்வு. போய்ப் படி" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அவன் நின்ற இடத்தில் இன்னும் கொஞ்சம் நேரம் நின்றுவிட்டு உள்ளே போனான். மறுநாள் நான் தோப்புக்குப் போனேன், அந்தக் குருத்தையும் பார்த்தேன். தந்தம் போல வெள்ளையாக, பாலிதீன் தாளை முட்டிக்கொண்டு நின்றது. செத்ததென்று நான் தீர்ப்புச் சொன்ன மரம். பார்த்தேன் என்று அவனிடம் சொல்லவில்லை. தேர்வு முடியட்டும் என்று நினைத்தேன். தேர்வு முடிந்தது, மே 16ஆம் தேதி முடிவு வந்தது, 478 வந்தது. அந்த எண்ணைச் சுமந்துகொண்டு நான் ஊரெல்லாம் போனேன். மரத்தை மறந்தேவிட்டேன்.

ஏன் அப்படி என்று இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆசிரியனாக இருந்ததால் மதிப்பெண்தான் கண்ணில் படுகிறது என்று முதலில் நினைத்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை என் மனைவிதான் சொன்னாள்: "நீங்க ஊருக்காக மார்க்கச் சொல்றீங்கன்னு நான் நெனைக்கல. சிங்கப்பூருக்குக் கேட்கணும்னு சொல்றீங்க." அவள் சொன்னது சரி. மகன் தன் பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். மருமகள் உடன் இருக்கிறாள் என்றாலும், பொறுப்பு என்னுடையது என்று நான் எடுத்துக்கொண்டேன். அடுத்தவன் பணத்தை வைத்திருப்பவன் அவ்வப்போது கணக்கு ஒப்படைத்தாக வேண்டும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பத்து நிமிடத்துக்குள் ஒப்படைக்கக்கூடிய கணக்கு மதிப்பெண் ஒன்றுதான். 478 என்று சொன்னால் கடல் தாண்டியும் புரியும். ஒரு பிள்ளை கத்தியை வெயிலில் பிடித்து மூன்று தடவை பார்த்தான் என்பதைப் பத்து நிமிடத்தில் எப்படிச் சொல்வது? சொன்னாலும், "படிக்கிற நேரத்துல ஏம்ப்பா தோட்ட வேலைக்கு விடுறீங்க?" என்று மகன் கேட்டுவிட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? அந்தப் பயம் எனக்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேரனைப் பற்றிய பெருமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு, நான் அவனைச் சரியாக வளர்த்திருக்கிறேன் என்பதற்கு ரசீது காட்டுவதாகவே இருந்திருக்கிறது.

எங்கள் காலத்தில் பிள்ளைகளை நேரில் புகழ மாட்டார்கள், கண்பட்டுவிடும் என்பார்கள். என் தகப்பனார் என்னை ஒரு நாளும் புகழ்ந்ததில்லை. ஆனால் நான் வாத்தியார் வேலைக்கு முதல் நாள் போனபோது, வேட்டியின் கரை சரியாக மடிந்திருக்கிறதா என்று என்னைச் சுற்றி வந்து ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றும் வைத்திருக்கிறேன். நான் பேரனுக்கு நிறையப் புகழ்ச்சியைக் கொடுத்துவிட்டேன். சுற்றி வந்து பார்க்கவில்லை.

கிணற்றுப் பக்கம்

கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்து ஒரு மாலை, நானே அவன் பின்னால் தோப்புக்குப் போனேன். "நாலாம் மரத்தக் காட்டு" என்றேன். அவன் என்னை ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்தான். வண்டியில் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது என்று அந்தக் கணத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் முன்னால் நடந்தான். மரம் மற்றவற்றைவிடக் குட்டையாக இருந்தது. நோய்க்குப் பிறகு வந்த முதல் இரண்டு மட்டைகள் சுருங்கிக் கோணலாக இருந்தன, மூன்றாவது கொஞ்சம் தேவலை, நான்காவதிலிருந்து நல்ல மட்டை. அவன் ஒவ்வொன்றையும் தொட்டு, வந்த மாதத்தைச் சொன்னான். "மத்ததெல்லாம் இந்த வருஷம் பாள விடும் தாத்தா. இது இன்னும் ஒண்ணர வருஷமாவது ஆகும்" என்றான். நான் கேட்கக் கேட்க அவன் பேசினான். கைப்பேசியில் இருந்தவை அந்தத் தோப்பின் மரங்கள்தான். மரத்துக்கு ஒரு படம், மாதம் ஒரு தடவை, 2023இலிருந்து. படம் பிடித்த நாளுக்குக் கீழே என்ன கண்டான் என்று ஒரு வரி. ஒன்பது வயதில் 421 வளையங்களை எண்ணிய அதே பிள்ளைதான். இடையில் அவன் எங்கேயும் போய்விடவில்லை.

அன்று இன்னொன்றும் தெரிந்தது. பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் பாதி நாள் இரவில்தான் வருகிறது. சென்ற ஆண்டு எனக்குக் கண்புரை அறுவை நடந்த பிறகு, இரவில் மோட்டார் போட பக்கத்துத் தோப்புக்காரரிடம் ஏற்பாடு செய்திருப்பதாக மனைவி சொல்லியிருந்தாள். மோட்டார் கொட்டகைக் கதவில் சாக்கட்டியால் தேதிகளும் நேரங்களும் எழுதியிருந்தன. கையெழுத்து யாருடையது என்று வாத்தியாருக்குத் தெரியாமல் போகுமா? இரவு 11.40, 12.15, 11.50. பொதுத்தேர்வு நடந்த வாரங்களிலும் தேதிகள் இருந்தன. நான் கதவைப் பார்த்தேன், அவன் கிணற்றைப் பார்த்தான். இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஊரில் எல்லாரும் அவன் டாக்டருக்குப் படிக்கப் போகிறான் என்று நினைக்கிறார்கள். உயிரியல் பிரிவு எடுத்திருக்கிறானே என்கிறார்கள். ஈச்சங்கோட்டையில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறதே, அங்கிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று அவன் என்னிடம் கேட்டது அன்று திரும்பி வரும் வழியில்தான். எனக்கு அதில் முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன். இந்த மண்ணில் விவசாயத்தை நம்பியவர்களின் கதி எனக்குத் தெரியும்; ஒரே இரவில் 131 மரங்களை இழந்தவன் நான். ஆனாலும் அவனுக்கு மறுப்புச் சொல்ல வாய் வரவில்லை. தூரத்தை மட்டும் சொன்னேன்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு இரவு மகன் கூப்பிட்டான். நலம் விசாரித்தான், வழக்கம்போல, "தம்பி எப்படிப்பா படிக்கிறான்?" என்று கேட்டான். காலாண்டுத் தேர்வு மதிப்பெண்கள் என் நாக்கு நுனியில் இருந்தன. "அத அப்புறம் சொல்றேன். உனக்கு ஒரு மரத்தப் பத்திச் சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அழுகிய குருத்தைப் பையில் போட்டது, வேப்பங்குளத்துக்குப் பொய் சொல்லிவிட்டுப் போனது, கத்தியை வெயிலில் பிடித்தது, நான் கிணற்று மேட்டில் நின்று சொன்னது, மாசியில் அவன் ஓடிவந்ததும் நான் படிக்கச் சொன்னதும், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். என் தவறையும் சேர்த்துத்தான் சொன்னேன். பத்து நிமிடம் எப்போதோ கடந்துவிட்டது. அடுத்த அறையில் பேரன் ஏதோ காணொளி பார்த்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் நின்று, மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

நான் முடித்த பிறகு மகன் உடனே பேசவில்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு கேட்டான்: "மேற்கு வரிசைன்னா, கிணத்துப் பக்கம் தாத்தா வச்சாரே, அந்த வரிசையாப்பா? நான் சைக்கிள் கத்துக்கிட்டப்ப மோதுன மரம் அங்கதானே இருந்துச்சு?"

"அதே குழிதான்" என்றேன்.

"அந்தப் பசைய எப்படிக் கலக்குனான்?"

எனக்கு அளவு சரியாக வரவில்லை. சொல்லத் தொடங்கித் தடுமாறினேன். பேரன் அறையிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கி, எனக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு, "அப்பா, மயில்துத்தம் நூறு கிராம், ஆனா இரும்பு வாளில கரைக்கக் கூடாது..." என்று ஆரம்பித்தான்.